தலையாட்டிப் பூனைக்குட்டி

பூனையைப் பத்தி இவ்வளவு நீளப் பதிவா, படிக்கப் போன பிள்ளைக்கு வேற வேலை இல்லையான்னு நீங்க கேக்கறது எனக்குக் கேக்குது. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் ஊர்ல இருந்து அக்கா போன் பண்ணினாங்க. அதுக்கப்புறம் தள்ளிப் போட முடியல. ஏன்னு கடைசியில சொல்றேன். ஒரு காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

நான் இருப்பது அட்லாண்டாவில், ஒரு வீட்டின் கீழ்த்தள அறையில். மேலே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். எழுபது தாண்டியவர். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சாம்பார் வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகும். அவர் பீச் பழத்தில் பை செய்தால் ஒரு துண்டு கீழே வரும். அப்படி ஒரு பழக்கம்.

போன வருஷம் மார்ச் கடைசியில் ஒருநாள் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கையில் ஒரு பூனைக்குட்டி. பன்னிரண்டு வாரக் குட்டி. உடம்பு முழுக்க நீலம் கலந்த சாம்பல் நிறம். முடியோட நுனியில மட்டும் வெள்ளி தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. பேரு நிக்கல். இங்கே ஐந்து சென்ட் நாணயத்தை நிக்கல் என்பார்கள், அந்த நிறம். நான் வச்ச பேரு 'காசு'. ரெண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கும். கையில தட்டு இருந்தா இன்னும் கொஞ்சம் சீக்கிரமா பார்க்கும்.

காசு, கோராட் என்ற ஜாதிப் பூனை. பூர்வீகம் தாய்லாந்து. அங்கே இதற்கு 'சீ சவாத்' என்று பேர், அதிர்ஷ்டப் பூனை. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு ஜோடியாகப் பரிசு கொடுப்பது வழக்கமாம். 1959ல்தான் முதல் ஜோடி அமெரிக்கா வந்தது. நாரா, டாரா என்று அதுகளுக்குப் பேர். ஆரிகன் மாநிலத்தில் ஜீன் ஜான்சன் என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்தன. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் சில பூனைகள் வந்தன. ஆக, தாய்லாந்துக்கு வெளியே இருக்கிற கோராட் கூட்டம் ஒரு சிறு கும்பலில் இருந்து பெருகியது. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னால தேவைப்படும்.

வந்து ரெண்டு வாரம்தான் இருக்கும். காசு சாப்பிடத் தட்டுக்குக் குனியும்போது தலை லேசாக ஆட ஆரம்பித்தது. மேலும் கீழும், மெதுவாக. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை பார்த்திருப்பீங்களே, அச்சு அசல் அதே மாதிரி. நாங்க சிரிச்சோம். சத்தியமா சிரிச்சோம். வீட்டுக்காரம்மா வீடியோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். நான் எங்க அம்மாவுக்கு அனுப்பினேன். "சாமி வந்த மாதிரில்ல ஆடுது"ன்னு அம்மா பதில் போட்டாங்க.

அந்த வீடியோவை இப்ப எங்க ரெண்டு பேராலயும் பார்க்க முடியறதில்லை.

மே மாசம் காலும் நடுங்க ஆரம்பித்தது. சோபாவில் ஏறக் குறி பார்த்துத் தாவும், பக்கத்தில் விழும். ஜூனில் பின்னங்கால் ரெண்டும் அகண்டு, குடிச்சவன் நடக்கிற மாதிரி நடை. வீட்டுக்காரம்மா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்குக் கார் ஓட்டும் வேலை.

முதலில் பார்த்த டாக்டர், சிறுமூளை வளராமல் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அது தப்பான சந்தேகம் இல்லை. தாய்ப்பூனைக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு வைரஸ் தொற்றினால், குட்டியின் சிறுமூளை சரியாக வளராது. அந்தக் குட்டிகளும் தள்ளாடித்தான் நடக்கும், தலையும் ஆடும். ஆனால் அது நடக்கத் தொடங்கிய நாளில் இருந்தே அப்படித்தான் இருக்கும், மேற்கொண்டு மோசமாகாது. அந்தப் பூனைகள் தள்ளாடிக்கொண்டே பத்துப் பதினைந்து வருஷம் சந்தோஷமாக வாழும். காசு அப்படியில்லை. மார்ச்சில் திரைச்சீலையில் தொங்கி ஏறிய பயல், ஜூனில் சோபா ஏற முடியாமல் நின்றான். முதல்ல நல்லா இருந்து அப்புறம் தேய்ஞ்சுக்கிட்டே போறது, அதுதான் வித்தியாசம்.

நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஜாதியைக் கேட்டார். கோராட் என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் காது குடையும் பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்றை எடுத்து காசுவின் கன்னத்தின் உள்பக்கம் ரெண்டு தடவை தேய்த்து உறையில் போட்டார். அவ்வளவுதான் பரிசோதனை. பத்து நாளில் முடிவு வந்தது. ஜிஎம்1 கேங்ளியோசிடோசிஸ். பரம்பரை வியாதி. மருந்து கிடையாது.

அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. என் படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, நான் கான்கிரீட் ஆளு. ஆனாலும் கையில கிடைச்சதையெல்லாம் படிச்சேன். புரிஞ்சதை என் பாஷையில சொல்றேன்.

மூளையில் இருக்கிற நரம்பு செல்லின் மேல்தோலில் கேங்ளியோசைடு என்று ஒரு பொருள் உண்டு. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. பழசு போய்ப் புதுசு வந்துகொண்டே இருக்கும். பழசைத் துண்டு துண்டாக வெட்டிக் கரைக்க செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன, பேர் லைசோசோம். 1955ல் கிறிஸ்டியான் டி துவே கண்டுபிடித்தது. 1974ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பைகளுக்குள் வெட்டுகிற வேலையைச் செய்வது நொதிகள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு நொதி. காசுவிடம் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற ஒரே ஒரு நொதி வேலை செய்யவில்லை.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைச்சுக்கங்க. ஒரு பந்தி முடிஞ்சா எச்சில் இலை எடுக்க ஆள் வரணும். எடுத்தாத்தான் அடுத்த பந்தி. சமையல் பிரமாதம், பரிமாற ஆள் தயார், இலை எடுக்கற ஆள் மட்டும் வரலைன்னா? முதல் பந்தியில ஒண்ணும் தெரியாது. அடுத்தடுத்த பந்தியில உட்கார இடமே இருக்காது. குட்டி பிறக்கும்போது நல்லா இருந்து மூணு மாசத்துல ஆட ஆரம்பிக்கிறது இதனாலதான். கழிவு சேர்ந்து சேர்ந்து நரம்பு செல் உப்பிப்போகுது, ஒவ்வொண்ணா வேலையை நிறுத்துது. முதல்ல நடுக்கம், அப்புறம் தள்ளாட்டம், அப்புறம் கை கால் விறைப்பு, பார்வை மங்கல், வலிப்பு. பொதுவா எட்டுப் பத்து மாசத்துக்குள்ள முடிஞ்சிரும்.

கோராட் பூனைகளுக்கு இன்னொரு தம்பி வியாதியும் உண்டு, ஜிஎம்2. அதில் ஹெக்சோசமினிடேஸ் என்ற வேறொரு நொதி இல்லை. அது இன்னும் சீக்கிரம் ஆரம்பித்து, அஞ்சு மாசத்துக்குள்ளேயே முடித்துவிடும். வேறு ஜாதிகளிலும் வேறு வேறு பேரில் இது மாதிரி இருக்கின்றன. சயாமீஸ் பூனைக்கு இதே ஜிஎம்1. பர்மீஸுக்கு ஜிஎம்2. மெயின் கூன் என்ற பெரிய சைஸ் பூனைக்குத் தண்டுவட நரம்பு தேயும் ஒரு நோய் உண்டு. மூணு நாலு மாசத்தில் பின்னங்கால் தளர்ந்துபோகும். ஆனால் வலி கிடையாது, உயிர் போகாது, பல வருஷம் வாழும். அதனால இளம்பூனை தள்ளாடினாலே கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை. எந்த நோய்னு தெரிஞ்சாத்தான் என்ன செய்யணும்னு தெரியும்.

சரி, காசுவுக்கு இது எங்கே இருந்து வந்தது?

மரபணு எல்லாமே ரெண்டு பிரதி. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. இந்த நொதிக்கான மரபணுவில், குறிப்பிட்ட ஒரு இடத்தில் 'ஜி' இருக்க வேண்டிய எழுத்து 'சி' ஆகிவிட்டது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. ஒரு பிரதியில் பிழை இருந்து இன்னொன்று சரியாக இருந்தால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. பாதி நொதி போதும். இலை எடுக்க ரெண்டு ஆளுக்கு ஒரு ஆள் வந்தாலும் பந்தி நடந்துவிடும் இல்லையா? அந்தப் பூனைக்குக் கேரியர் என்று பேர். பார்க்க ஒரு குறையும் தெரியாது, ஓடும், பாயும், போட்டியில் பரிசு கூட வாங்கும். ரெண்டு கேரியர் சேரும்போதுதான் விஷயம். நாலில் ஒரு குட்டிக்கு ரெண்டு பிரதியும் பிழையாகப் போய்ச் சேரும். அதுதான் காசு.

சின்னக் கூட்டத்துக்குள்ளேயே ஜோடி சேர்க்கும்போது ரெண்டு கேரியர் சந்திக்கிற வாய்ப்பு கூடுது. முன்னாடி மனசுல வச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான்.

இது வெறும் உசந்த ஜாதிப் பூனை சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2013ல் வெளியான ஓர் ஆய்வில், வங்கதேசத்துச் சாதாரண நாட்டுப் பூனைகளிலேயே இதே எழுத்துப் பிழை, இதே நோயோடு இருந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கண்காட்சிக்கும் போகாத பூனைகள்.

வீட்டுக்காரம்மா பூனையை வாங்கினது பக்கத்து மாநிலத்தில் ஒரு வளர்ப்பாளரிடம். முடிவு வந்த மறுநாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன். அந்தம்மா கத்தவெல்லாம் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியம்: "என்னோட பூனைகளில் அப்படி எதுவும் கிடையாது. அப்பன் சாம்பியன், அம்மா சாம்பியன். உங்க வீட்டில் ஏதாவது விஷத்தைத் தின்றிருக்கும்."

வீட்டுக்காரம்மா அழுதார். தரையில தெளிச்ச மருந்தா, தொட்டிச் செடியா, தான் கொடுத்த சாப்பாடான்னு ரெண்டு நாள் வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினார். பரிசோதனை முடிவு மேஜை மேல இருக்கு, அப்பவும் தேடுறார். குத்தம் சொல்லிட்டாங்கன்னா மனுசங்க அப்படித்தான் போல.

எனக்கு ஏனோ அந்த வாக்கியம் முன்னமே கேட்ட மாதிரி இருந்தது. எங்கேன்னு அப்ப பிடிபடல.

படிக்கப் படிக்க இன்னொன்று தெரிந்தது. இந்த நோய் மனுஷக் குழந்தைகளுக்கும் வரும். அதே நொதி, அதே தேய்வு. ஜிஎம்2வுக்கு மனிதர்களில் டே-சாக்ஸ், சாண்ட்ஹாஃப் என்று பேர். வாரன் டே என்ற இங்கிலாந்துக் கண் டாக்டர் 1881லேயே ஒரு குழந்தையின் விழித்திரையில் சிவப்புப் பொட்டைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஜிஎம்1 வந்த ஒரு சயாமீஸ் பூனையைப் பற்றி ஹென்றி பேக்கரும் கூட்டாளிகளும் 1971ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக நடந்த ஆராய்ச்சிதான் இன்று அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நடக்கிறது. எங்க வீட்டில் இருந்து காரில் ரெண்டு மணி நேரம்.

ஏன் பூனை, எலி போதாதா? எலியின் மூளை அரை கிராம் கூட இல்லை, பூனைக்கு ஏறக்குறைய 30 கிராம். எலி மூளையில் வேலை செய்யும் சிகிச்சை குழந்தையின் மூளை அளவுக்குப் பரவுமா என்று தெரிய நடுவில் ஒரு படி வேண்டும். அதோட, டே-சாக்ஸ் மரபணுவை எடுத்துவிட்ட எலி, வேறொரு குறுக்கு வழியில் கழிவைக் கரைத்துக்கொண்டு கிட்டத்தட்ட நன்றாகவே வாழ்கிறது. பூனைக்கு அந்தச் சலுகை இல்லை, குழந்தைக்கும் இல்லை.

ஆபர்னில் டக்ளஸ் மார்ட்டின் குழுவும், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மிகேல் சேனா-எஸ்தேவ்ஸ் குழுவும் சேர்ந்து செய்தது இது: நோய் உண்டாக்காத ஒரு வைரஸுக்குள் சரியான மரபணுவை ஏற்றி, நோயுள்ள பூனைகளின் மூளையில் சில இடங்களில் மட்டும் செலுத்தினார்கள். மூளை முழுக்கப் போக வேண்டியதில்லை. மரபணு கிடைத்த செல் நொதியைச் செய்து வெளியே விடும், பக்கத்து செல்கள் அதை வாங்கிக்கொள்ளும். ஒரு பந்திக்கு வந்த ஆள் அடுத்த பந்தி இலையையும் எடுத்துப் போடுகிற மாதிரி. 2014ல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை இல்லாத பூனைகள் சராசரியாக எட்டு மாசம். சிகிச்சை பெற்றவை சராசரியாக மூன்று வருஷத்துக்கு மேல். பின்னாளில் மூளையைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே கொடுத்தும் பார்த்தார்கள், அதுவும் பலன் தந்தது.

2019ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜிஎம்1 உள்ள குழந்தைகளுக்கு இந்த வகை மரபணுச் சிகிச்சையைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். 2022ல் டே-சாக்ஸ் உள்ள ரெண்டு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரம் வெளியானது. உடம்பு தாங்கியது, ஒரு குழந்தைக்கு நோய் கொஞ்ச காலம் நின்று போனது. குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுமே செய்ய முடியாது என்று இருந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

இதையெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆராய்ச்சிக்காக நோயோடயே குட்டிகளைப் பிறக்க வைக்கிறாங்க, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "காசு மாதிரி," என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தைகளை நினைத்தால் ஒரு பக்கம், மடியில் நடுங்கிக்கொண்டிருந்த காசுவைப் பார்த்தால் இன்னொரு பக்கம். இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெளிவாகல.

ஆகஸ்ட் கடைசியில் காசுவுக்குக் கண் தெரியாமல் போனது. சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். கரண்டி கீழே விழுந்தால் துடித்துப் போவான். ஸ்பூனில் ஊட்டினோம், மூக்கில் ஏறியது. முதல் வலிப்பு வந்த மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்தார். இங்கே அதைத் 'தூங்க வைக்கிறது' என்பார்கள். வீட்டுக்காரம்மா மடியில் வைத்துக்கொண்டார், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டதும் அந்தத் தலையாட்டம் நின்றது. நாலு மாசத்துக்கப்புறம் முதல் தடவையா தலை ஆடாம இருந்துச்சு. கொல்லையில் பீச் மரத்துக்கு அடியில் புதைத்தோம். எட்டு மாசக் குட்டி.

கரண்டி விழுந்தா துடிச்சான்னு எழுதினேனே, அப்பத்தான் எனக்குப் பிடிபட்டது.

எனக்கு ஏழு வயசு இருக்கும். அருப்புக்கோட்டையில் பெரியப்பா மகள், எங்க அக்கா, தாய்மாமனைத்தான் கட்டியிருந்தாங்க. அதனால மாமியாரே சொந்த அம்மாச்சி. முதல் குழந்தை பையன். ஆறு மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருந்தான். அப்புறம் தலை நிக்கல. திரும்பிப் படுத்தவன் திரும்பறதை மறந்தான். டம்ளர் விழுந்தா போதும், வீடே பதறும், அப்படித் துடிப்பான். அவன் தூங்கும்போது நாங்க பிள்ளைங்க எல்லாம் தெருவுலதான் விளையாடணும். மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மூளை சம்பந்தப்பட்டதுன்னு சொன்னாங்க, பேர் சொல்லல. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்தாங்க, பேரை மாத்தினாங்க. ஒன்றரை வயசுல போயிட்டான்.

அக்கா கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டாளாம். அவ கால் பட்ட நேரம் சரியில்லையாம். அந்த அம்மாச்சி வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லும்: "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது."

அதே வாக்கியம். எங்கேயோ கேட்டேனேன்னு இருந்தது இதைத்தான்.

யோசிச்சுப் பாருங்க. அக்கா யாரு? அந்த அம்மாச்சி பெத்த மகளோட மகள். மாமா யாரு? அதே அம்மாச்சி பெத்த மகன். எங்க வம்சம்னு அது சொன்னதே அக்காவோட வம்சமும்தான். பிழை ஒன்று இருந்திருந்தால் அந்தத் தாத்தா பாட்டி ரெண்டு பேரில் ஒருவரிடம் இருந்து ரெண்டு பக்கமாக இறங்கி வந்து, ஒரு குழந்தையில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதில் அக்கா மட்டும் செய்த தப்பு என்ன? அம்மாச்சி மேலயும் தப்பு இல்லை. யாருக்கும் வெளியே தெரியாத ஒரு எழுத்து. ஆனால் இருபது வருஷமா ஒரே ஆள் சுமந்தாங்க.

அந்தக் குழந்தைக்கு வந்தது இதே நோய்தான்னு நான் சொல்லல. சொல்லவும் முடியாது. இதே மாதிரி இறங்கி வருகிற நோய்கள் ஏகப்பட்டது இருக்கு. ஆனா காசு செத்த அன்னிக்கு ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு, பூனை கதையை முழுசா சொன்னேன். பந்தி, இலை, கேரியர், சாம்பியன் அப்பன் அம்மா எல்லாம். அக்கா குறுக்கே ஒண்ணும் கேக்கல. "சரிடா, சாப்ட்டியா, நேரமாச்சு படு"ன்னு வச்சுட்டாங்க. தப்புப் பண்ணிட்டேனோன்னு பல நாள் நினைச்சேன்.

போன வாரம் அக்காவே கூப்பிட்டாங்க. ரெண்டாவது குழந்தை, பொண்ணு, நல்லா இருக்கா, காலேஜ் ரெண்டாம் வருஷம். வீட்டுல இப்ப பேச்சு நடக்குது. அக்காவோட சொந்தத் தம்பிக்கே அவளைக் கொடுத்துரலாம்னு. முறைதான், வசதிதான், பிள்ளையும் தங்கமான பிள்ளை. "டேய், அந்தப் பூனை கணக்கை மறுபடி சொல்லு"ன்னாங்க.

ஒரு பேப்பரை எடுத்துப் போட்டேன். நோய் அந்த வழியில் வந்ததாக வைத்துக்கொண்டால், அக்கா நிச்சயம் கேரியர். நோயில்லாமல் பிறந்த மகள் கேரியராக இருக்க மூன்றில் ரெண்டு வாய்ப்பு. அக்காவுக்கு அவங்க அம்மா வழியாக வந்திருந்தால் தம்பிக்கும் பாதி வாய்ப்பு. ரெண்டு பேரும் கேரியராக இருந்து, அதில் ஒரு குழந்தைக்கு நோய் வருவது, பெருக்கிப் பார்த்தால் பன்னிரண்டில் ஒன்று. அக்கா பத்து செகண்ட் பேசல. அப்புறம், "அப்ப நான் வெளிய வந்ததால இல்ல," அப்படின்னாங்க. கேள்வியா சொல்லல. சும்மா சொன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

குழந்தை இப்போது இல்லாவிட்டாலும் அப்பா அம்மா ரெண்டு பேரின் ரத்தத்திலும் தேடிப் பார்க்க முடியும். சென்னை, வேலூர் மாதிரி இடங்களில் மரபணு ஆலோசனை கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். முதல்ல அங்க போங்க, அப்புறம் ஜாதகத்தைப் பாருங்கன்னு சொன்னேன். மாமாவும் வர்றேன்னு சொல்லியிருக்காராம். அதுதான் எனக்குப் பெரிய விஷயமா பட்டது.

யூதர்களில் ஒரு பிரிவுக்கு டே-சாக்ஸ் அதிகம். ஜோசப் எக்ஸ்டீன் என்ற மதகுரு தன் நாலு குழந்தைகளை அதற்குப் பறிகொடுத்தவர். 1983ல் கல்யாணத்துக்கு முன்பே ரத்தம் பார்க்கும் ஓர் ஏற்பாட்டைத் தன் சமூகத்துக்குள் கொண்டுவந்தார். அதில் யார் கேரியர் என்று சொல்ல மாட்டார்கள், இந்த ஜோடி பொருந்துமா பொருந்தாதா என்பதை மட்டும் சொல்வார்கள். யார் மேலும் முத்திரை விழாது. 1970களிலேயே தொடங்கின மற்ற பரிசோதனைகளும் சேர்ந்து, அந்த மக்களிடையே டே-சாக்ஸ் குழந்தைகள் பிறப்பது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்குப் பதினொண்ணு பார்க்கிறது கஷ்டமா என்ன?

அந்த வளர்ப்பாளரம்மா கதையையும் முடிச்சிடறேன். காசு போய் மூணு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். தன்னிடம் இருந்த எல்லாப் பூனைக்கும் பஞ்சுக்குச்சிப் பரிசோதனை செய்துவிட்டாராம். ரெண்டு சாம்பியனும் கேரியர். இன்னும் மூணு பூனைகளும். விற்ற குட்டிகளின் வீடுகளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "முதல் நாள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார். கோராட் கூட்டம் சின்னது என்பதால் கேரியர் எல்லாவற்றையும் ஒதுக்கினால் ஜாதியே இன்னும் குறுகிவிடும். அதனால் கேரியரைப் பிழையில்லாத பூனையோடு மட்டும் சேர்க்கப் போகிறாராம். அப்படிச் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது.

வீட்டுக்காரம்மா இன்னும் வேற பூனை வாங்கல. காசுவோட தட்டு கழுவிக் கவிழ்த்து வச்ச இடத்துலயே இருக்கு.

பி.கு. 1: பூனை வாங்கறவங்க, வளர்ப்பாளர்கிட்ட அப்பா அம்மா ரெண்டோட மரபணுப் பரிசோதனைத் தாளையும் கேட்டு வாங்குங்க. பரிசுக் கோப்பை போட்டோ போதாது.

பி.கு. 2: குட்டி தலையாட்டினா வீடியோ எடுங்க, தப்பில்லை. முதல்ல டாக்டருக்கு அனுப்புங்க.

பி.கு. 3: அக்கா அடுத்த மாசம் வேலூர் போறாங்க. பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டேன். "படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிறகுதான் எந்தக் கல்யாணமும்"னு சொல்லிட்டாளாம்.